தீஸோனுக்கு அடுத்த லாயம்

அஸூல்,
14 நவம்பர் 1978, செவ்வாய்

அன்புள்ள லெயாந்திராவுக்கு,

பாம்பாஸ் சமவெளியின் முடிசூடா மன்னனும், இருபது ஆண்டுகளாக உன் அப்பா வீட்டு அடுப்பங்கரைக்கு நிரந்தரக் காவலனுமான உன் சித்தப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம், தீஸோனைத் தவிர.

பிறந்தபோது நீ கையில் ஏந்திய அந்தக் கறுப்புப் பொலிகுதிரை, செப்டம்பர் நெடுநடைப் பந்தயத்தில் பதினான்கு நாள் வெறும் புல்லைத் தின்று எழுநூற்றைம்பது கிலோமீட்டர் நடந்து வந்தான். விலாவைத் தட்டினால் மாதா கோயில் மணி போல ஒலித்தான். அதிலிருந்து பெட்டைக் குதிரையைக் கண்டாலே வியர்த்துச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறான். அவன் நடுங்கும் சத்தம் அடுத்த மாகாணம்வரை கேட்கிறது.

"இவனுக்குப் பொண்ணு கேட்டுப் போனா நம்மளத்தான் அடிப்பாங்க" என்று லாயக்காரன் பால்தசார் மாத்தே தேநீரை உறிஞ்சியபடி கேலி செய்தான். நான் மகா யோசனை ஒன்று சொன்னேன்: பக்கத்துப் பண்ணைச் செவலைப் பொலிகுதிரையை இரவல் வாங்கி அடுத்த லாயத்தில் கட்டினால், பொறாமையில் இவனுக்கு வீரம் வரும். இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். மூன்று வாரமாயிற்று. தீஸோன் இப்போது தலையே தூக்குவதில்லை.

நேற்று டாக்டரம்மா கிரோஸ் இரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தார். "பயத்துல ஊறுற சுரப்பு ஏறிக் கெடக்கு. அது ஏறினா ஆண் சுரப்பு எறங்கிடும், விந்தும் வத்திடும். பந்தயத்துல பாதி போச்சு. மீதி, பெரிய ஆம்பிளையோட மூச்சுக்குக் கீழயே நின்னு நின்னு போச்சு. தனியா மேய விட்டு அறுபது நாள் பொறுங்க" என்றார். நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

உன் அப்பா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அறுபது நாள்ல பருவமே முடிஞ்சிடும். ஒண்ணுக்கும் ஆகாத ஆம்பிளைக்கு என் வீட்ல தீனி கிடையாது. சனிக்கிழமை பொன்சியானோவ வரச் சொல்லு" என்றார். பொன்சியானோ காயடிக்கிறவன்.

அந்த யோசனை பால்தசாருடையது என்று அண்ணன் நினைக்கிறார். நான் திருத்தவில்லை. செவலையைத் திருப்பி அனுப்பச் சொல்லலாமென்று இன்று காலை அவர் முன் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். மாத்தேக்கு வெந்நீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நீ கால்நடை மருத்துவம் படிக்கிறவள். உன் சொல்லுக்கு மட்டும்தான் அவர் மசிவார். தபாலை நம்பாமல் பேருந்து ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளை மதியம் உன் கைக்கு வரும். காயடிக்க வேண்டாம், அறுபது நாள் பொறுங்கள் என்று அவருக்கு உடனே தந்தி அடி. என் பெயரை அதில் எழுதாதே. இல்லை, எழுது. செவலையை அங்கே கட்டச் சொன்னது சித்தப்பாதான் என்று எழுதிவிடு. நேரில் நின்று சொல்ல எனக்கு வாய் வராது.

யாருக்குப் பக்கத்திலும் தலை குனிந்து நிற்காமல் நீ நன்றாக இரு, மகளே.

உன் சித்தப்பா
எவாரிஸ்தோ