‘விதிவிலக்கு கிடையாது’ என்று நான் எழுதிய வரி குறித்து

அனுப்புநர்:
லைல் ட்வெட்டன்,
மேப்பிள் தெரு,
ஓர்ட்மன் நகரம்,
கெஸ்லர் மாவட்டம்.

பெறுநர்:
மாண்புமிகு ரொவீனா பெல்சர் அவர்கள்,
தலைவர், சாலைப் போக்குவரத்துச் சட்டக் குழு,
மாநிலச் சட்டமன்றம்.

பொருள்: உரிமம் ரத்தான நிலையில் வண்டி ஓட்டுவோருக்குத் தொண்ணூறு நாள் கட்டாயச் சிறை விதிக்கும் சட்டத்தின் நான்காம் உட்பிரிவில் ஒரு வாக்கியம் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மேற்படி சட்டத்தை முன்மொழிந்து நான் ஆற்றிய உரையின் சபைக் குறிப்பு. 2. கெஸ்லர் மாவட்ட நீதிமன்றத்தின் பதினொரு வழக்குக் கோப்புகள்.

ஒரு காலத்தில் சபையில் எனக்கு எதிர்வரிசையில் அமர்ந்திருந்த மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் தங்கள் சபையில் பதினான்கு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவன். கடந்த ஏழு ஆண்டுகளாகக் கெஸ்லர் மாவட்டத்தின் ஒரே நீதிபதியாக இருக்கிறேன். சட்டத்தைத் திருத்தும்படி நீதிபதி ஒருவர் மனு எழுதலாமா என்று நீதிபதிகளின் நன்னடத்தைக் குழுவிடம் முறைப்படி கேட்டேன். முடிந்துபோன வழக்குகளைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று அனுமதி வந்தது. கீழே பெயர் வருகிறவர்கள் அனைவரிடமும் ஒப்புதல் பெற்றிருக்கிறேன். ஒருவர் மட்டும் ஒப்புதல் தரும் நிலையில் இல்லை. அவருக்காக அவர் மனைவி தந்தார்.

2. இச்சட்டம் காரணமில்லாமல் வந்ததல்ல. பதினோரு ஆண்டுகளுக்கு முன் டெரெக் ஹனிஷ் என்ற பத்தொன்பது வயது இளைஞன் எங்கள் நெடுஞ்சாலையில் டிராக்டரோடு நசுங்கி இறந்தான். குடித்துவிட்டு வந்து மோதியவனின் உரிமம் அதற்கு முன்பே மூன்று முறை ரத்தாகியிருந்தது. மூன்று முறையும் ஏதோ காரணம் சொல்லி, ஏதோ ஒரு நீதிபதியின் இரக்கத்தில் வெளியே வந்தவன் அவன். டெரெக்கின் தந்தை க்ளென் என் அலுவலகத்துக்கு வந்து நாற்காலியில் உட்காராமலே நின்றார். அன்று மாலையே நான் சட்டத்தை எழுதத் தொடங்கினேன். நான்காம் உட்பிரிவை வேறு யாரும் தொடவில்லை. “எக்காரணம் கொண்டும் தண்டனையைக் குறைக்கவோ, நிறுத்தி வைக்கவோ, வீட்டுக் காவலாக மாற்றவோ, குற்றச்சாட்டைத் தளர்த்தவோ கூடாது, விதிவிலக்கு கிடையாது” என்ற சொற்கள் முழுவதும் என்னுடையவை. அவற்றைப் பெருமையோடு எழுதினேன்.

3. விவாதத்தன்று எழுந்து கேள்வி கேட்டவர் ஒரே ஒருவர். முதல் முறையாகச் சபைக்கு வந்திருந்த தாங்கள்தான். “உயிர் போற அவசரத்துல வண்டிய எடுத்தவங்களுக்கும் இதேதானா?” என்று கேட்டீர்கள். “அவசரம்னு சொல்லாத ஆள இதுவரைக்கும் எந்தக் கோர்ட்டாவது பார்த்திருக்கா?” என்று நான் திருப்பிக் கேட்டேன். சபைக் குறிப்பில் அதற்குப் பக்கத்தில் ‘சிரிப்பு’ என்று பதிவாகியிருக்கிறது. தாங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். சட்டம் பெரும்பான்மையில் நிறைவேறியது. அடுத்த தேர்தலில் அதைச் சொல்லியே வாக்குக் கேட்டேன்.

4. சட்டம் வந்து நான்கு ஆண்டுகள் கழித்து எங்கள் மாவட்ட நீதிபதி ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்கு நடந்த தேர்தலில் போட்டியிட்டேன். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. என் மனைவி ஜீன் நோயுற்றிருந்தார். வருடத்தில் நான்கு மாதம் தலைநகரின் விடுதி அறையில் கிடப்பதை விட்டுவிட்டு ஊரோடு இருக்கலாம் என்பதே என் எண்ணம். ஊரோடு இருக்க நீதிபதி வேலை தோதான வேலை அல்ல என்று எனக்கு அப்போது தெரியாது. உறுப்பினனாக இருந்தபோது உணவகத்துக்குள் நுழைந்தால் நான்கு மேசைகளிலிருந்து கூப்பிடுவார்கள். சாலையில் பள்ளம், பள்ளிக்கூடத்துக் கூரை என்று ஆளுக்கொரு குறை சொல்வார்கள், திட்டுவார்கள். நீதிபதியான பிறகு நான் நுழைந்ததும் பேச்சு பனிப்பொழிவுக்கு மாறும். யாரும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் யாரோ ஒருவர் என் முன்னால் நின்றிருக்கிறார், அல்லது நிற்கப் போகிறார். அவ்வளவுதான். நானும் ஓரத்து நாற்காலியில் சூப்பை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஜீன் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

5. ஆர்டிஸ் கோலாஷ் என்பவரைப் பற்றியே இம்மனு. அவருக்கு வயது அறுபத்தெட்டு. என்னுடைய ஏழு சட்டமன்றத் தேர்தல்களின் வேலையும் அவர் சமையலறையிலிருந்துதான் நடந்தது. அவர் கணவர் மில்ட் முப்பது வருடம் மாவட்டத்தின் பனி தள்ளும் வண்டியை ஓட்டியவர். வியாழக்கிழமைகளில் நாங்கள் நால்வரும் சீட்டாடுவோம். “லைல், நீ ஓட்டு வாங்குறதுல கெட்டிக்காரன், சீட்டுல மண்ணு” என்பார் ஆர்டிஸ். ஜீன் போனபின் மூவரானோம். அதன்பின் மில்ட்டுக்கு நினைவு தப்பத் தொடங்கியது. சீட்டின் நிறமே மறந்துபோனது. எந்த வியாழனோடு நாங்கள் நிறுத்தினோம் என்று எனக்கு நினைவில்லை.

6. ஆர்டிஸ் பிழையே செய்யாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண விருந்தில் குடித்துவிட்டு வண்டியைச் சாலையோரப் பள்ளத்தில் இறக்கினார். உரிமம் ஓராண்டுக்கு ரத்தானது. பதினொரு மாதம் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. சென்ற பிப்ரவரியில் ஒரு காலை அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது மில்ட் கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. மாவட்டக் காவலரான ஷெரிப்பின் அலுவலகத்துக்கு ஆர்டிஸ் உடனே தொலைபேசியில் சொன்னார். அருகிலிருந்த வண்டி வந்து சேர நாற்பது நிமிடமாகும் என்றார்கள். அக்கம்பக்கத்தில் வீடு இல்லை. ஆர்டிஸ் சாவியை எடுத்தார். இரண்டு மைல் தள்ளி, மாவட்டத்தின் பழைய வண்டிக் கொட்டகை வாசலில், வெறும் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார் மில்ட். வேலைக்கு வந்திருக்கிறாராம், பூட்டை யாரும் திறக்கவில்லையாம். அவரை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில்தான், இவர் கூப்பிட்டு வந்த அதே காவலர் வண்டியை நிறுத்தினார். அவரும் தன் கடமையைத்தான் செய்தார்.

7. வழக்கு என் முன் வந்தது. பக்கத்து மாவட்ட நீதிபதிக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். யாரிடம் போனாலும் தண்டனை ஒன்றுதான். வேறொருவர் வாயால் அது வந்தால் நான் கேட்காமல் இருக்கலாம், அவ்வளவே லாபம். எங்கள் நட்பை நீதிமன்றத்தில் வெளிப்படையாகச் சொன்னேன். இரு தரப்பு வழக்கறிஞர்களும் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்திட்டார்கள். ஏதேனும் சொல்ல விரும்புகிறாரா என்று வழக்கப்படி ஆர்டிஸைக் கேட்டேன்.

“சொல்ல என்ன இருக்கு, ஜட்ஜ்? வண்டிய எடுத்தேன். நாளைக்கே அவன் காணாமப் போனா நாளைக்கும் எடுப்பேன். நான் உள்ள இருக்கறப்ப மில்ட்டுக்கு யாரு சட்டை மாட்டிவிடுவாங்க? அத மட்டும் சொல்லுங்க.”

முப்பது ஆண்டுகளில் அவர் என்னிடம் ‘சொல்லுங்க’ என்றது அன்றுதான் முதல் தடவை. நான் நான்காம் உட்பிரிவை வாசித்தேன். தொண்ணூறு நாள் என்றேன். மில்ட்டை ஊர் எல்லையிலுள்ள முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள்.

8. மூன்றாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனேன். நீதிபதி போகலாமா என்றால், போகாமல் இருந்திருக்கலாம். மில்ட் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். “வா லைல், உட்காரு. ஆர்டிஸ் எங்கடா? காலையிலேருந்து ஆளையே காணோம்” என்றார். “வந்துடுவா மில்ட், கொஞ்ச நேரத்துல வந்துடுவா” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு மணி நேரம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நான் அங்கே போகவில்லை.

9. மே மாதம் ஆர்டிஸ் வெளியே வந்தார். சிறை வாசலிலிருந்து நேராக இல்லத்துக்குப் போயிருக்கிறார். மில்ட் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உட்காருங்கம்மா, என் வீட்டுக்காரி இப்ப வந்துடுவா” என்று சொன்னதாக அங்குள்ள செவிலி பின்னர் என்னிடம் தெரிவித்தார். பழகிய வீடும் பழகிய குரலும் அறுந்துவிட்டால் இந்நோய் வேகமாக முற்றும் என்றும், சிறைக்குப் போகாதிருந்தாலும் என்றோ இது நடந்திருக்கும் என்றும் மருத்துவர் சொல்கிறார். அந்த ‘என்றோ’ எத்தனை மாதம், எத்தனை வருடம் என்று அவராலும் சொல்ல இயலவில்லை.

10. இதன்பின் ஒரு நாள், இதே சட்டத்தின்கீழ் நான் சிறைக்கு அனுப்பிய எல்லாருடைய கோப்புகளையும் வரவழைத்தேன். ஆர்டிஸையும் சேர்த்துப் பதினொரு பேர். மற்ற பத்துப் பேரும் தங்கள் காரணத்தைச் சொல்லியிருக்கிறார்கள், சுருக்கெழுத்தில் பதிவாகியிருக்கிறது. நால்வர் சொன்னது எனக்கு இன்றும் நம்பத்தகுந்ததாக இல்லை. ஒருவர் வலிப்பு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவர். ஒரு பெண், அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி அக்காள் வீட்டுக்கு வண்டியில் போனவர். தொண்ணூறு நாள் முடிந்து அவர் அதே கணவனிடம் திரும்பிப் போனதாகக் கோப்பு சொல்கிறது. அவர்கள் பேசும்போது நான் தலை நிமிர்ந்து பார்த்தேனா என்றே எனக்கு ஞாபகமில்லை. அவர்களில் யாரோடும் நான் சீட்டாடியதில்லை. அப்போது அவர்களுக்காக நான் மனு எழுதவில்லை. இதைத் தாங்கள் என்னிடம் கேட்கும் முன் நானே எழுதிவிடுகிறேன்.

11. க்ளென் ஹனிஷிடம் சொல்லாமல் இச்சட்டத்தைத் தொடக்கூடாது என்று அவர் பண்ணைக்குப் போனேன். திருத்தத்தை எழுதிய தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“அந்தம்மாவ உள்ள போட்டப்ப பேப்பர்ல படிச்சேன். டெரெக் பேர வெச்சு இப்படிப் பண்ணுன்னு நான் எப்பய்யா உன்கிட்ட கேட்டேன்? குடிச்சிட்டு திரும்பத் திரும்ப ஓட்டுறவன நிறுத்துன்னுதானே கேட்டேன்?” என்றார். சற்றுப் பொறுத்து, “அவன் மாதிரி ஆளு மறுபடியும் தப்பிக்கக் கூடாது. அத மட்டும் பார்த்து எழுது” என்றார். எழுதியிருக்கிறேன்.

12. இரண்டாம் குற்றம் என்பதால் ஆர்டிஸின் உரிமம் மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு ரத்தாகியுள்ளது. அதுவும் என் சட்டமே. அவர் வீட்டிலிருந்து இல்லம் நான்கு மைல். எங்கள் ஊரில் பேருந்து இல்லை. தேவாலயத்துப் பெண்கள் முறை வைத்து அவரை அழைத்துப் போகிறார்கள். யாருக்கும் முடியாத நாளில் அவர் நடக்கிறார். சென்ற டிசம்பரில் ஒரு பிற்பகல், பனி விழுந்துகொண்டிருக்க, சாலை ஓரமாக அவர் நடந்து போவதைக் கண்டு வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

“வேண்டாம், ஜட்ஜ். உங்க வண்டியில நான் ஏறுனா நாலு பேரு பேசுவாங்க. எனக்குப் பேச்சு பழகிப்போச்சு, உங்களுக்கு ஆகாது. நீங்க போங்க” என்றார். கோபத்தில் சொல்லவில்லை. என் வேலையைக் காப்பாற்றவே சொன்னார்.

நான் போகவில்லை. பின்னால் வரும் லாரிகளுக்கு அவர் தெரியவேண்டும் என்பதற்காக, அபாய விளக்கை மினுக்கவிட்டு, நடை வேகத்தில் அவர் பின்னாலேயே ஒன்றரை மைல் ஓட்டினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இல்லத்தின் கதவருகே காலணியின் பனியை உதறிவிட்டு உள்ளே போய்விட்டார்.

13. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன். நான்காம் உட்பிரிவின் முடிவில், “உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தது என்றும், வேறு வழி இல்லை என்றும், ஓட்டியவர் அப்போது குடித்திருக்கவில்லை என்றும் மெய்ப்பிக்கப்பட்டால் நீதிபதி தண்டனையைக் குறைக்கலாம்” என்ற வாக்கியத்தைச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே தண்டனை பெற்றவர்களும் மறுபரிசீலனை கோர வழி செய்ய வேண்டும். என்னிடம் தண்டனை பெற்ற பதினொருவரின் மனுக்களை வேறொரு நீதிபதி விசாரிக்க வேண்டும். மூன்றாவதாக, நோயுற்ற கணவனையோ மனைவியையோ பார்க்கப் போய்வர மட்டும் பகல் நேர உரிமம் வழங்க விதி செய்ய வேண்டும். இந்த மூன்றாவது மட்டும் காத்திருக்க இயலாதது. இம்மனுவில் பெயரைச் சேர்க்க ஒப்புதல் கேட்டுப் போனபோது ஆர்டிஸ் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அவன் இப்ப என்னைப் புதுசா வந்த நர்ஸுன்னு நெனச்சிருக்கான். ரொம்ப நல்லாப் பேசுறான், என் பேரெல்லாம் கேக்குறான். இன்னும் கொஞ்ச நாள்ல அதுவும் இருக்காது, ஜட்ஜ். சீக்கிரம் அனுப்புங்க.”

இக்கூட்டத்தொடரிலேயே குழுவின் முன் இதை எடுத்துக்கொள்ளுமாறு தங்களைப் பணிந்து வேண்டுகிறேன். நேரில் அழைத்தால் எந்த நாளிலும் வருவேன். இது நிறைவேறினாலும் ஆர்டிஸ் கோலாஷ் என்னை மன்னித்தாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பதையும், அதைக் கேட்டு நான் இதை எழுதவில்லை என்பதையும் சபைக் குறிப்பில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஓர்ட்மன்
நாள்: ஜனவரி 9

(கையொப்பம்)
லைல் ட்வெட்டன்
கெஸ்லர் மாவட்ட வாக்காளர்