வெள்ளிக்கிழமைப் பஞ்ச்

ஜூலை 11, வெள்ளி
புழுக்கம். மாங்கூழ் கம்பெனி லேப்பில் ஃபேன் இன்றும் ஓடவில்லை. 12.50க்கு மெஷினில் விரல் வைத்துப் பஞ்ச் அவுட். ஜும்ஆ தொழுகை. 1.50க்குப் பஞ்ச் இன். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக மாலை ஐந்தரைக்குப் பதில் ஆறரை வரை வேலை. சம்பள நேரம் அமானிதம், நம்மை நம்பிக் கொடுத்தது. பேக்கிங் நாசர் பஞ்ச் பண்ணாமல் கேட்டில் கையாட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்கு வருகிறான். சொல்லிப் பார்த்தேன். "ஃபத்வா குடுக்காதீங்க பாய்" என்றான்.
வாங்க: சோப்பு, பாப்பாவுக்கு ஸ்கெட்ச்.

ஜூலை 12, சனி
ஹெட் ஆபீசிலிருந்து எனக்கு மெமோ! மூன்று வெள்ளி அனுமதி இல்லாமல் வெளியே போனேனாம். மெஷின் காட்டிவிட்டதாம். ஆறரை வரை இருந்ததை அது காட்டாதா? நாசருக்கு ஒன்றுமில்லை. என்ன கண்றாவி. மேனேஜர் வேறு, "உங்கள யாருங்க பஞ்ச் பண்ணச் சொன்னாங்க? சும்மா போய்ட்டு வர வேண்டியதுதானே?" என்கிறார். அடுத்த மாதம் வேலை நிரந்தரம் ஆக வேண்டியது.

ஜூலை 14, திங்கள்
பதில் கடிதத்தை மேனேஜரே டைப் பண்ணி நீட்டினார். 'மெஷின் கோளாறு, நான் உள்ளேதான் இருந்தேன்.' கையெழுத்துப் போட்டால் மெமோ ரத்து. தொழப் போனவன் போகவே இல்லை என்று பொய் சொல்ல வேண்டும்!
வூட்டில் மனைவி ஷமீமா: "திருடவா போனீங்க? தொழப் போனேன்னே எழுதிக் குடுங்க."
அப்படியே எழுதிக் கொடுத்தேன். நாசர் பெயரை இழுக்கவில்லை.

ஜூலை 17, வியாழன்
தலைவலி. ஹெட் ஆபீஸ் பதில் வந்தது. மெமோ ரத்து. வெள்ளி ஒரு மணி நேரம் அனுமதி. ஆனால் ஜும்ஆவுக்குப் போகிற எல்லோரும் பஞ்ச் பண்ணி, ஆறரை வரை இருக்க வேண்டும். ஷமீமா பாயசம் வைத்தாள். எனக்கு இறங்கவில்லை. நாசரின் அத்தா படுத்த படுக்கை. பகலில் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஆறு மணிக்குப் போய்விடுவார். அவன் ஊரான பாப்பாரப்பட்டிக்குக் கம்பெனி வேன் ஐந்தரைக்கே. இது ஏன் எனக்கு முன்பே உறைக்கவில்லை? மடையன்.

ஜூலை 18, வெள்ளி
மேகமூட்டம். 12.50. நாசர் பேக்கிங் டேபிளை விட்டு எழவில்லை.
"வேனை வுட முடியாது பாய். நீங்க போங்க. எனக்கும் சேத்துத் தொழுதுட்டு வாங்க."
விரல் வைத்தேன். போனேன். இமாமின் குத்பா உரையில் ஒரு வார்த்தைகூட காதில் ஏறவில்லை.