மூட்டைக்குப் போன கயிறு

சிலமலை,
19-11-1955

பூப்பாறை எஸ்டேட்டில் இருக்கும் அண்ணன் மொக்கச்சாமி அவர்களுக்கு, தங்கை அய்யம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று அவருக்குப் பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கூடப்பிறந்தவன்தான் கொண்டுவந்து போட வேண்டும். நீங்களோ எஸ்டேட் ஆள் சின்னமுத்துவிடம் கொடுத்தனுப்பிவிட்டீர்கள். சேலையைப் பிரித்தால் மடிப்புக்குள் ஒரு காகிதம். என் கணவர் சுருளிவேல் இரண்டாவது கயிறு வேண்டாமென்று தாமே சொல்லி இறங்கினார் என்று எழுதி, நான் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது. எஸ்டேட்டில் விசாரணையாம், நான் போடாவிட்டால் உங்கள் கங்காணி வேலை போய்விடுமாம். சின்னமுத்து சொன்னான்.

அவரா வேண்டாம் என்றிருப்பார்? மீசை முளைத்த நாளிலிருந்து பாறையில் தேன் எடுக்க இறங்கியவர். கனம் தாங்க ஒரு கயிறு, அது அறுந்தால் பிடித்துக்கொள்ள இடுப்பில் இன்னொன்று. அந்த இன்னொன்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள். தங்கச்சியை நினைத்தாவது கையை விடமாட்டான் என்றுதானே அந்த வழக்கம்?

அன்றைக்கு அங்கே உங்களோடு நின்ற மொக்கையன் வந்து ஒன்று விடாமல் சொன்னான். போடிமெட்டு வளைவில் ஏலக்காய் லோடோடு ஜீப் உருண்டது. டிரைவர் அமாவாசை கால் முறிந்து பள்ளத்துப் பாறையில் கிடந்தான். உங்கள் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்திருந்த அவரைத்தான் இறங்கச் சொன்னீர்கள். இருந்த இரண்டு கயிற்றையும் அவர் கேட்டார். நீங்கள், "ரெண்டுன்னா ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிரும். அவன் ரத்தம் போயிக்கிட்டுக் கெடக்கான், ஒத்தக் கயித்துல வெரசா எறங்குங்க மாப்ளே" என்றீர்களாம். மச்சான் மேலே நிற்கும்போது எனக்கென்ன என்று அவரும் சிரித்துக்கொண்டே இறங்கினாராம்.

அவசரம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் தலை மறைந்ததும் மற்றக் கயிறு எங்கே போனது? மழையில் ஏலக்காய் நனைந்துவிடும் என்று அதில் மூட்டைகளைக் கட்டித் தூக்கினீர்கள். முறுக்கிக்கொள்ளும் என்ற பயம் மூட்டைக்கு இல்லையா, அண்ணே?

அமாவாசையை முதலில் கட்டி மேலே அனுப்பினார். அந்தக் கனத்தில் பாறை முனையில் தேய்ந்த கயிற்றையே அவருக்கும் இறக்கினீர்கள். அது பாதி வழியில் அறுந்தது. அப்போது நான்காவது மூட்டை மேலே வந்துகொண்டிருந்ததாம்.

அமாவாசையின் பெண்டாட்டி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. உங்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பெரியவளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். காட்டில் கடலை பிடுங்க ஆள் இல்லை.

காகிதத்தை நான் கிழிக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. நீங்களே வந்து என் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, அவர்தான் வேண்டாம் என்றார் என்று ஒருமுறை சொல்லுங்கள். வாய் வந்தால் அந்த இடத்திலேயே போட்டுத் தருகிறேன்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லவும். அவள் தாலி நிலைக்க வேண்டும் என்று தினமும் சுருளி வேலப்பரைக் கும்பிடுகிறேன். நல்லவேளை, அவளுக்குக் கூடப்பிறந்தவன் யாரும் இல்லை.

இப்படிக்கு,
தங்கை அய்யம்மாள்