ஃபிட் டாக்டர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. இந்தத் தடவை நலத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அவசரப்பட்டுத் தாவாமல் வரிசையாகப் படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று கோபப்படாதே. இரண்டே அறை வீடு. அப்பாவுக்கு மூச்சுதான் குறைந்திருக்கிறது, காது குறையவில்லை.

கொரோனா சமயத்தில் நம் சுரங்கக் கம்பெனி ஊருக்குச் செய்த உதவி பற்றிப் பேப்பரில் வந்த படத்தை அனுப்பி, இதெல்லாம் நிஜமா, போட்டோவுக்காகச் செய்ததா என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். பயிற்சிக் கூடத்தில் இருந்த மேஜை நாற்காலியை வெளியே தள்ளிவிட்டுக் கட்டில் போட்டார்கள். ஆக்சிஜன் தட்டுப்பாடு வந்தபோது எங்கிருந்தோ சிலிண்டர்களை ஏற்றி வந்ததும் கம்பெனி லாரிதான். கல் சுமக்கிற லாரி வீடு வீடாக அரிசி இறக்கியது. கம்பெனி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பதால் இவள் இப்படித்தான் எழுதுவாள் என்று நினைக்காதே. பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா, "பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுறாங்க" என்றாள். கிள்ளினவங்களே ஆட்டட்டும், வேற யாரு வர்றாங்க என்றேன். சிரித்துக்கொண்டே அரிசியை வாங்கிக்கொண்டாள்.

ஃபிட் டாக்டரை நீ மறந்திருக்க மாட்டாய். வருஷா வருஷம் நடக்கும் பரிசோதனையில் சட்டைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப் குழாயை வைத்து எடுத்து, நம் அப்பா மாதிரி இருமுகிற ஆளையும் "ஃபிட்" என்று சொல்லிக் குழிக்குள் திருப்பி அனுப்பியவர். அந்தச் சொல்லுக்கு நம் தெருவில் என்ன மரியாதை என்று உனக்குச் சொல்ல வேண்டாம். கூரை ஒழுகினால் வீடு ஃபிட். வார் அறுந்தால் செருப்பு ஃபிட்.

அந்த மனிதரைத்தான் தடுப்பூசி முகாமில் மைக் பிடித்துப் பேச வைத்தார்கள். ஊசியால் ஒரு ஆபத்தும் இல்லை என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, வரிசையில் நின்ற அப்பா, "அப்போ ஊசியும் ஃபிட்டா டாக்டர்?" என்று ஒரு சத்தம் போட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரித்த கையோடு கலைந்தும் போய்விட்டது. நானும் இன்னொரு நர்ஸும் மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு ஈ ஓட்டினோம். வீட்டுக்கு வந்து அப்பாவோடு ஒரு மூச்சு சண்டை போட்டேன். அசையவில்லை.

அதற்குப் பிறகுதான் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வார்டில் சேர்த்தேன். முகத்தில் மாஸ்க் வைக்கப் போனால் தட்டிவிடுகிறார். அந்த ஆள் சொல்லி வைக்கிற எதுவும் எனக்கு வேண்டாம் என்று பிடிவாதம். நான் கெஞ்சினேன், திட்டினேன், அழவும் செய்தேன். அப்போது டாக்டர் வந்தார். பேசாமல் கட்டிலில் உட்கார்ந்து, சட்டையை விலக்கி, வெறும் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். அப்பா விடுவாரா? அந்த மூச்சிரைப்பிலும், "என்ன டாக்டர், ஃபிட்டா?" என்றார்.

டாக்டர் குழாயைக் கழற்றினார். "இல்லண்ணே. ஃபிட் இல்ல. இந்தக் காய்ச்சலுக்கு ரொம்ப முன்னாடியே இல்ல. தெரிஞ்சேதான் ஃபிட்னு எழுதினேன்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த தட்டை அவர் தலையில் போட்டிருப்பேன். அப்பாதான் என் கையைப் பிடித்தார். "இப்பவாவது வாயில வந்துச்சே" என்று சொல்லி, மாஸ்க்கைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டார்.

மறுநாளே ஊசி போட ஆள் வர ஆரம்பித்தது. இல்லை என்று சொல்லத் தெரிந்த வாய், ஆமாம் என்றால் நம்பலாம் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. டெய்லர் அக்கா முதல் ஆள். நான் இன்னும் அந்த டாக்டரை மன்னிக்கவில்லை. ஆனால் அவர் கூப்பிட்டால் ஓடுகிறேன், வேலை அப்படி.

காய்ச்சல் போய்விட்டது. நெஞ்சில் இருக்கிற சுரங்கத் தூசி போகிற ஜாதி இல்லை. அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். கம்பெனி கொடுத்த ஆக்சிஜன் மெஷின் கட்டிலோரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கரண்ட் போனால் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. நேற்று டாக்டர் வந்து பார்த்துவிட்டு, போகும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். தம்பிக்கு லீவு எப்போது என்று கேட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் எழுதுவதை அப்பா பார்த்துக்கொண்டே இருக்கிறார். கொஞ்சம் நில்லு, நான் சொல்றதையும் எழுது என்கிறார். அவர் சொன்னபடியே, ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்: "நான் ஃபிட்டா இருக்கேன். அவன் வேலையைக் கெடுத்துக்கிட்டு வர வேணாம்."

நம் தெருவில் வளர்ந்த பிள்ளை நீ. இதற்கு அக்கா அர்த்தம் சொல்ல வேண்டாம். வழியில் வேளாவேளைக்குச் சாப்பிடு. பத்திரமாக வந்து சேர்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அக்கா