மீனாவுக்குப் போட்ட பூத்தேநீர்

ஜூன் 9, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. கரண்ட் இல்லை. மருமகள் மீனாவுக்கு மூன்றாம் மாதம். சோர்வு, அடிவயிற்றில் இழுப்பு. மகன் பாங்காக்கில். டாக்டரம்மா பத்து நாள் கழித்துத்தான் வரச் சொன்னார். லதா தெருவில் மூலிகைக் கடை வைத்திருக்கும் ஊ சானிடம் பூத்தேநீர் கேட்கலாமா? சூடு, குளிர்ச்சி பார்த்துப் பூக்களைச் சேர்ப்பவர்.
மனைவி: "யாருக்குன்னு சொல்லிடாதீங்க. அஞ்சு மாசம் ஆகட்டும். கண்ணு பட்டுடும்."

ஜூன் 10
ஊ சான்: "யாருக்கு, சயா?" பள்ளியை விட்டுப் பத்து வருடமாகியும் பர்மியருக்கு நான் சயாதான், வாத்தியார்தான்.
"வீட்டில் ஒரு பெண். வயிற்று வலி."
"மாசாமாசம் வர்றதா?"
பக்கத்தில் இரண்டு பெண்கள். தலையாட்டிவிட்டேன்.
சாமந்தி வேண்டாமாம், குளிர்ச்சி. குறித்துக்கொண்டது: ரோஜா மொட்டு 5, சிவப்பு இழைப்பூ ஒரு சிட்டிகை, சீன இலந்தை 3. எட்டு நிமிடம் மூடி வைக்க.
மனைவி இழையைப் பார்த்து: "குங்குமப்பூவா! புள்ள செவப்பாப் பொறக்கும். கூடப் போடுங்க." குங்குமப்பூ வாசனை இதில் இல்லை. சொல்லவில்லை. இரண்டு சிட்டிகை.

ஜூன் 13
தினம் இரண்டு தம்ளர். மீனா: "கௌங்டெ, மாமா! நல்லா இருக்கு. கடை போடுங்க, மொத போணி நான்தான்." இந்த வீட்டில் என்னை யாரும் பாராட்டி நாளாயிற்று.

ஜூன் 15, ஞாயிறு
காலையில் மீனாவுக்கு இரத்தம் பட்டது. ஆஸ்பத்திரி. குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறது. அசையாமல் படுத்திருக்க வேண்டும். டாக்டரம்மா: "மருந்து, கஷாயம் ஏதாவது குடுத்தீங்களா?" மனைவி: "வீட்டுச் சாப்பாடுதான்." நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஜூன் 16
ஊ சானிடம் உண்மையைச் சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார். "சயா! அந்த செவப்புப் பூ ரத்தத்தை ஓட்டுறது. மாசமா இருக்கறவங்க கிட்டயே கொண்டுபோக மாட்டோம். நான் கேட்டேனே?"
கேட்டார்.
மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினேன். தேநீரால்தானா? தெரியாது. அந்தத் 'தெரியாது'க்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறேன். நாளை டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். முதல் வாக்கியம் எழுதி வைத்தாயிற்று.

ஜூன் 17
சொல்லவில்லை. அவர் அவசரத்தில் இருந்தார். இல்லை, பொய். உட்காருங்கள் என்றார்.

ஜூன் 18
மழை. மீனா வீட்டில், படுக்கையில். "பயமா இருக்கு, மாமா. ஒங்க டீ குடிச்சா கொஞ்சம் தைரியமா இருக்கும்."
இலந்தை மட்டும் மூன்று போட்டேன். எட்டு நிமிடம் மூடி வைத்தேன்.
"நெறமே இல்லையே?"
"பூ தீந்துபோச்சும்மா."
"அதுக்கென்ன, வாங்கிட்டு வாங்களேன்" என்று மனைவி குடையை நீட்டினாள்.
குடையை வாங்கிக்கொண்டேன்.