பவளத்தொட்டிக்கு ஊற்றிய தண்ணீர்

வேங்கிக்கால்,
தை, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் தென்றலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாகவே இருக்கிறோம், நீயும் அந்த டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க அண்ணாமலையார் துணை. தினம் வீடியோவில் பார்க்கிறோமே, அம்மாவுக்கு என்ன திடீரென்று கடிதம் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், நான் வாயைத் திறப்பதற்குள் எனக்கும் சேர்த்து அவரே பதில் சொல்லிவிடுகிறார். அவருக்குத் தெரியாமல் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதனால்தான் இதை வத்தல் பார்சலில் வைத்து அனுப்புகிறேன். நீ கடல் பவளம் வளர்த்து எங்களிடம் விட்டுப் போனாயே, அந்தப் பவளத்தொட்டியைப் பற்றியது. மாசி பிறந்ததும் வேலூர்க்காரர் வண்டியோடு வந்து அதை எடுத்துக்கொண்டு போவார் என்று ஏற்பாடு செய்திருக்கிறாயே, அது வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. பண்டிகைக்கு ரவிக்கை தைத்துத் தைத்து எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது, தைலம் தேய்த்து இப்போது பரவாயில்லை. எதிர் மனையில் வீடு எழும்புகிறது, நாள் முழுக்கச் சிமெண்டுத் தூசி, துணி காயப்போட முடியவில்லை. உன் பாஞ்சாலை அத்தை ஊரிலிருந்து மொச்சையும் கரும்பும் கொடுத்தனுப்பியிருந்தார். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன், கதையே அவரால்தான்.

நீ தொட்டியைக் கொடுத்துவிடலாம் என்றதில் தப்பு ஒன்றும் இல்லை. போன ஆடியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை நடுங்க ஆரம்பித்த பிறகு, உப்புத் தண்ணீர் கலக்குவதும் கண்ணாடி துடைப்பதும் அவருக்குப் பாரம் என்று நினைத்தாய். நானும்தான் நினைத்தேன். கரண்ட் பில் வரும்போதெல்லாம் அந்தத் தொட்டியைச் சனியன் என்று திட்டியவள் நான்தானே. ஆனால் நீ பார்க்காததை நான் தினம் பார்க்கிறேன். பிசியோதெரபிக்கு வரும் பெண் கொடுத்த ரப்பர் பந்தை அவர் தொடுவதே இல்லை. கை ஆடிச் சட்டையில் சிந்திவிடும் என்று டீக்கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். கலெக்டர் ஆபீசில் அத்தனை வருஷம் ஜீப் ஓட்டிய மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்படி இருக்கும் சொல். காலையில் அவர் எழுந்திருப்பது அந்தத் தொட்டிக்காக மட்டும்தான். நீ ஆல்கலினிட்டி என்பாய், அவர் காரம் என்கிறார், அதை அளக்கச் சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீர் எடுத்து, சிரிஞ்சால் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் எப்போது ரோஸாக மாறுகிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா. முதலில் சிரிஞ்சை என்னைத்தான் பிடிக்கச் சொன்னார். இரண்டு சொட்டை ஒன்றாக விட்டுவிட்டேன் என்று என் மேல் எரிந்து விழுந்து, அன்று முதல் இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு அவரே விடுகிறார். இப்போது தாங்கல் கூட வேண்டியதில்லை.

கார்த்திகையில் நடந்ததை உன்னிடம் நாங்கள் சொல்லவே இல்லை. தீபத்துக்குக் கொடியேறிய அன்றே பாஞ்சாலை அத்தை வந்துவிட்டார், மலையில் தீபம் பார்த்து, கிரிவலம் சுற்றி, கால் வீக்கம் வற்றுகிறவரை இங்கேதான் இருந்தார். அவர் வந்த சில நாளில் தொட்டியில் காரம் ஏற ஆரம்பித்தது. எப்போதும் எட்டரையில் நிற்பது ஒன்பது ஆயிற்று, பத்தைத் தாண்டிற்று. பவளம் அந்தக் காரத்தை எடுத்துத்தான் உடம்பு வளர்க்கும், அது தின்கிற அளவைத்தான் நாம் சமையல் சோடாக் கரைசலாகத் திரும்ப ஊற்றுகிறோம், நான் கம்மியாகத்தான் ஊற்றுகிறேன், பிறகு எப்படி ஏறும் என்று எனக்குப் பாடம் எடுத்தார் அப்பா. மருந்து கெட்டுப்போயிற்று என்றார், புது மருந்து வரவழைத்தார், அதுவும் அதையே சொன்னது. இன்னொரு அதிசயம், தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்கவே இல்லை. மழை ஈரத்தில் ஆவியாவது குறைந்துவிட்டது என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். கடைசியில் சோடாவை அடியோடு நிறுத்தினார். அந்தச் சமயம் பார்த்து அத்தை ஊருக்குக் கிளம்பிவிட்டார். அவ்வளவுதான், காரம் கடகடவென்று இறங்கி ஏழுக்கும் கீழே போயிற்று. நீ விரல் நீளத் துண்டாக வாங்கி வந்து வளர்த்தாயே, அந்த ஊதாக் கிளைப் பவளம், அதன் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது. அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார், பிள்ளை நம்மை நம்பி விட்டுவிட்டுப் போனாளே என்று ஒரே புலம்பல். அன்றைக்கு நானும் அழுதேன், பவளத்துக்காக இல்லை.

அப்புறம் ஒரு நாள் அத்தை போன் செய்தார். ஏண்டா தம்பி, சாயங்காலம் வெளக்கு வைக்கசொல்ல அந்த மீன் தொட்டிக்கு யாருடா தண்ணி ஊத்துறது, நான் இருந்தப்ப ஒரு நாளும் கொறையா வுடல, நீங்களும் வுட்றாதீங்க என்றார். விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் தண்ணீர்ப் பாத்திரம் எதுவும் குறையாக இருக்கக் கூடாது என்பது அவருக்குச் சாஸ்திரம். குடம், அண்டா எல்லாம் நிரப்பிவிட்டு, பின்கட்டு போர் குழாயிலிருந்து ஒரு சொம்பு பிடித்து உன் தொட்டியையும் நிரப்பியிருக்கிறார். நம் போர் தண்ணீர் பற்றி உனக்குத் தெரியும், வெந்நீர்ப் பானையில் சுண்ணாம்பாகப் படிகிற தண்ணீர், அத்தனையும் காரம். நீ தொட்டித் தண்ணீருக்கென்று ஃபில்டர் மாட்டியதே அதற்காகத்தானே. அப்பா கத்தப் போகிறார் என்று நான் பயந்தேன். நான் பாத்துக்கறேன்க்கா, நீ கவலப்படாத என்று சொல்லி வைத்துவிட்டுச் சிரித்தார் பார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று. குறைந்த சோடாவை மொத்தமாகப் போட்டு ஒரேயடியாகச் சரிசெய்துவிடுங்கள் என்றேன். என்னை முறைத்தார். ஏறினதுகூட அதுக்குத் தாங்கும் அருணா, எறங்கினதும் தாங்கும், திடீர் திடீர்னு மாத்தினாதான் தாங்காது என்றார். மார்கழி முழுக்கத் தினம் ஒரு துளி கூட்டி, அளந்து, மறுநாள் மறுபடி அளந்து, நிதானமாக எட்டரைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது மாவுக் கையோடு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார், வெளுத்த நுனியில் ஊதா திரும்பியிருந்தது. இப்போது முன்னைவிட நன்றாகவே இருக்கிறது.

இனிதான் சொல்ல வந்தது. முந்தாநாள் வேலூர்க்காரர் போன் செய்து, வண்டி சொல்லிடலாமா, பவளமெல்லாம் நல்லா கீதுங்களா என்று கேட்டார். அப்பா தொட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், உன் ஊதாப் பவளம் வெளிச்சத்தில் விரிந்து நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே, இல்லீங்க, நுனியெல்லாம் வெளுத்துகினே வருது, இப்ப எடுத்துகினு போனா செத்துடும், ரெண்டு மாசம் போகட்டும் என்றார். தென்றல், என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே காபி ஆறிப்போயிருக்கிறது என்று என் அம்மாவிடம் முகத்துக்கு நேராகச் சொன்னவர் அவர். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை, துணியை எடுத்துச் சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நீ நீண்ட ஆயுளோடும் மன நிம்மதியோடும் இருக்க வேண்டும், எண்ணெய் தேய்த்துக் குளி, தலை ஈரத்தோடு வெளியே போகாதே. வத்தலை வெயில் வரும்போது ஒரு தரம் காயவை. நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். தொட்டி உங்களிடமே இருக்கட்டும்பா என்று நீயாகவே ஒரு வார்த்தை அவரிடம் சொல்லிவிடு, பார்சல் கிடைத்த அன்றே சொல். வேலூர்க்காரர் மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார், உன் அப்பாவை இன்னொரு பொய் சொல்ல வைத்துவிடாதே.

உன் அம்மா,
அருணாதேவி