சைபரில் முடிந்த எண்கள்

14.7.2009
“பாக்காம எழுதினத எப்படி சார் கண்டுபிடிக்கிறீக?” செய்முறை வகுப்பில் பாண்டீஸ்வரி என்ற மாணவி ஒருமுறை கேட்டாள். தனி ஊசல் சோதனை. “நிஜ அளவு 36.2, 35.7 என்று நொண்டி நொண்டி நடக்கும்மா. உன் அளவுகள் அணிவகுத்து வருது” என்றேன். அது ஏன் இன்று நினைவுக்கு வருகிறது?

ஷார்ஜாவிலிருந்து மகன் கலீல் தினமும் விரலைக் குத்தி, மெஷின் காட்டும் சர்க்கரை அளவை எஸ்.எம்.எஸ். அனுப்புகிறான். நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை தேனி டாக்டரிடம் காட்டுகிறேன். இந்த வாரம்: 120, 110, 130, 120, 110.

2.8.2009
எல்லாம் சைபரில் முடிகிறது. மெஷினுக்கு சைபர் மேல் இவ்வளவு பிரியமா?

மனைவி அம்சத் பீவி நோட்டை எட்டிப் பார்த்தாள். “எம்புள்ளைக்கு சரியாயிருச்சுல்ல?”

“ஆமா” என்றேன்.

19.8.2009
“இதே அளவுன்னா நோன்பு வைக்கலாம் சார்” என்றார் டாக்டர். சந்தேகத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செய்முறைத் தேர்விலும் இப்படித்தான் — பிள்ளை பாஸாகட்டும் என்று தெரிந்தே மார்க் போட்டிருக்கிறேன்.

22.8.2009
அங்கே முதல் நோன்பு. 110.

3.9.2009
கலீலின் அறையில் இருக்கும் ரபீக் போன் செய்தான். “மாமா, கலீலு வேலை எடத்துல மயங்கி விழுந்துட்டான். ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். சுகர் நானூத்தி எம்பத்தேழுங்கிறாக. கால்ல புண்ணு வேற. ஷூவுக்குள்ளயே மறச்சு வச்சிருந்திருக்கான்.”

487. நோட்டில் எழுதினேன்.

8.9.2009
கால்விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள்.

11.10.2009
கம்பம் பிரவுசிங் சென்டரில், கம்ப்யூட்டரில் அவன் முகம்.

“ஏலே, ஏன்டா பொய்யி அனுப்பின?” அம்சத் பீவி கேட்டாள்.

“நெசத்தச் சொன்னா பொறப்பட்டு வான்னு நிப்பீகம்மா. மொத வாரமே எரநூத்தம்பதுக்கு மேல காட்டுச்சு. அப்பறம் மெஷினத் தொறக்கவே பயமாப் போச்சு.” பிறகு என்னைப் பார்த்தான். “நீங்க கண்டுபிடிச்சிருவீகன்னு நெனச்சேன், அத்தா.”

கண்டுபிடித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

20.11.2009
வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை. கேமரா முன் விரலைக் குத்தினான். மெஷின் ஐந்திலிருந்து இறங்கி எண்ணியது. 183. எழுதிக்கொண்டேன்.

பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி எழுதித் தரச் சொன்னார் டாக்டர். எழுதிவிட்டேன்: எண்ணைக் கேட்காதீர்கள், மெஷினைக் காட்டச் சொல்லுங்கள்.